வேலிக்குறிக்குப் பின்னால்

"நா உங்கூட்டு வாசப்படிய மிதிச்சதே இல்லீங்க்கா."

"அப்ப மெசினு பொய் சொல்லுதா? நாப்பத்தொரு தடவ வந்திருக்கற. எண்ணி வெச்சிருக்கறேன்."

"மெசினு என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. நா வல்லீங்க."

"மூணு மணிக்கு வர்றது, முக்கா மணி நேரம் இருக்கறது, போறது. நா அசோசியேசன் ரூமுக்குக் கெளம்புனதும் உனக்கு எங்கூடு ஞாபகம் வந்துருதாட்ட இருக்குது."

லிஃப்ட் கீழே வந்தது, கதவு திறந்தது, ஏற ஆளில்லாமல் மறுபடி மூடிக்கொண்டது. ஏறுவதற்கென்று எட்டுப் பேர் நிற்கத்தான் செய்தார்கள். இப்படியொரு சண்டையை விட்டுவிட்டு ஐந்தாவது மாடிக்குப் போய் என்ன செய்வது என்று யாரும் அசையவில்லை.

குரலை உயர்த்தியவள் டி-4 சுகந்தி. சரவணம்பட்டி மயில்வனம் குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளர்; அதற்கு முன்னால் பாலிடெக்னிக்கில் இருபது வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவள். எதிரே நின்றவள் பி-7 தாரணி. விவாகரத்து ஆகித் தனியாக இருந்தாள். பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், முருங்கைக்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு, சுகந்தியின் கணவர் சென்னியப்பன். வார்ப்படப் பட்டறையில் முப்பத்தைந்து வருடமாக அச்சு பிடிக்கிறவர். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த விவரத்தையும் சுகந்தி அன்றைக்கு எட்டுப் பேருக்கும் சேர்த்தே சொன்னாள்.

தாரணி ஒரே ஒரு தடவை சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் லிஃப்ட் பட்டனைப் பார்த்தார். அந்தப் பட்டனில் அப்படி என்னதான் இருந்ததோ, கண்ணை எடுக்கவில்லை.

"செரீங்க்கா," என்றாள் தாரணி. படி ஏறிப் போய்விட்டாள்.

செரி என்று சொல்லிவிட்டாளே, அப்புறமென்ன? எட்டுப் பேரும் தீர்ப்பை எழுதிக்கொண்டு அவரவர் மாடிக்குப் போனார்கள்.

இந்தச் சண்டைக்கு விதை போட்டது இரண்டு மாதத்துக்கு முந்தைய கமிட்டிக் கூட்டம். மயில்வனத்தில் சாவி என்பது கிடையாது. கோவையில் புதிதாகக் கட்டிய குடியிருப்பு எதிலுமே இப்போது கிடையாது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு இணைய முகவரி உண்டு. யாரையாவது வீட்டுக்கு அழைத்தால் அவர் போனுக்கு அந்த முகவரியை அனுப்ப வேண்டியது. அவர் வாசலில் நின்று தட்டினால் கதவு திறக்கும். தூரத்திலிருந்து தட்டினால் கதவு திறக்காது, உள்ளே மணி மட்டும் அடித்து, தட்டியது எந்த வீடு என்று காட்டும். எல்லாம் கேட் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். பதிவாகி என்ன செய்ய? முழ நீளத்துக்கு எழுத்தும் குறியுமாகப் பின்னிக் கிடக்கும் அந்தச் சரங்களைப் படித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

சுகந்திக்கு இருந்தது. வெளியாட்கள் நடமாட்டம் கூடிவிட்டது என்று யாரோ கூட்டத்தில் புலம்பியதும், "பதிவப் பிரிச்சுப் படிக்கறதுக்கு நானே ஒரு புரோகிராம் எழுதித் தாரேன்" என்றாள். மெஷினிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருக்கும். ஆனால் இருபது வருடம் பாடம் நடத்திய கை சும்மா இருக்குமா? ராப்பகலாக உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினாள். எழுதியதைத் தலைவர் மருதாசலத்துக்குப் பெரிய திரையில் போட்டும் காட்டினாள்.

வாசல்://ஏ2@சி6.மயில்வனம்/கூடம்?மணி=5&நேரம்=20

"இதென்ன அம்மிணி, எறும்பு ஊர்ந்தாப்புல இருக்குது."

"துண்டு துண்டாப் பாருங்கண்ணா. ரெண்டு சாய்வுக்கோட்டுக்கு முன்னால இருக்கறது எந்த வழியா வர்றாங்கன்னு. அதுக்கப்பறம் வீடு. ஒத்தச் சாய்வுக்கோட்டுக்கப்பறம் எந்த அறை. கேள்விக்குறிக்கு அந்தப் பக்கம் எத்தன மணிக்கு, எத்தன நேரம். எம்புரோகிராம் இதைய வெட்டி வெட்டித் தனித்தனிக் கட்டத்துல போட்டுரும்."

"இதுல ரெண்டு வீட்டுப் பேரு இருக்குதே?"

"நம்ம காலனிக்குள்ளயே ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டுக்குப் போனா அப்படி வருமுங்க. மொதல்ல இருக்கறது வீடு. இந்தச் சுழிக்குறிக்குப் பின்னால இருக்கறது வந்த ஆளு."

"எம்போன்ல பாத்தா கடேசில வேலி மாதிரி ஒரு குறி போட்டு, என்னமோ எழுதியிருக்குமே. அதைய இங்க காணமே?"

"அது கேட்டுக்கு வராதுங்கண்ணா. வேலிக்குறிக்குப் பின்னால எழுதறது போன்லயே தங்கிரும். கூப்பிடறவங்க வர்றவங்களுக்குன்னு எழுதற ரகசியம். தட்டும்போது வாசலுக்குப் போகாது. சாமியே வந்தாலும் பதிவுல கெடைக்காது."

"அப்ப முக்கியமான சமாச்சாரம் பூராவும் அங்கதான இருக்கும்?" என்றார் மருதாசலம். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சுகந்தி சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.

அன்றிலிருந்து மூன்று மணியானால் அசோசியேஷன் ரூமில் உட்கார்ந்து பதிவைப் பிரிப்பதே அவள் வேலையாகிவிட்டது. எந்த வீட்டுக்கு எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் வருகிறது, எந்த வீட்டுக்கு மாமியார் வந்து எத்தனை நாளாகிறது என்பதெல்லாம் கட்டம் கட்டமாக வந்து விழுந்தது. ஊர் வாசலையெல்லாம் மேய்ந்துவிட்டு ஒரு வியாழக்கிழமை தன் வாசலுக்கு வந்தாள். டி-4: வந்தவர் பி-7. டி-4: வந்தவர் பி-7. மூன்று மணி, மூன்று மணி, மூன்று மணி. மறுநாளே லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

சண்டை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் கணவரை உட்கார வைத்துக் கேட்டாள்.

"அவ வந்தாளா?"

"வரல, புள்ள."

"எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க மாமா."

"வரலைன்னா வரல."

"அப்ப மெசினு?"

"மெசினப் பத்தி எனக்கென்ன தெரியும்," என்றார். முருங்கைக்காயை எடுத்து வைத்துக்கொண்டு அவரே நறுக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் கத்தியைத் தொட்டதில்லை. குற்றமுள்ள மனசு என்று சுகந்தி அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தாரணியின் கதை மளமளவென்று நடந்தது. அவள் வகுப்புக்குப் பதினான்கு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வகுப்புக்கு ஒரு மவுசு இருந்தது. காதுமணி என்று ஒன்றைக் காதில் செருகிக்கொண்டால் கண் பார்க்கிற எழுத்தையெல்லாம் அதுவே படித்துச் சொல்லிவிடுகிற காலம். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கோயில் நோட்டீஸ் எதையும் கண்ணால் படிக்கத் தேவையில்லை. அப்படியும் தன் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிற சில பெற்றோர் இருந்தார்கள். அந்த வாரம் பிள்ளைகள் நான்காகக் குறைந்தார்கள். மறுவாரம் ஒருவரும் இல்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து தாரணிக்கு ஒரு வரன் வந்து பாதி பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தி இருந்தது இதே காலனியின் ஏ பிளாக்கில். அவர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார். வீட்டைக் காலி செய்வதாகத் தாரணி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சுகந்திக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. மகள் மிதுளாவுக்கு நிச்சயதார்த்தம் வந்துகொண்டிருந்தது. சம்பந்தி வீடு காங்கேயம். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயப் பத்திரிகையைப் பெண்ணின் அப்பாதான் சபையில் வாசிக்க வேண்டும். அதுவும் காதுமணியைக் கழற்றித் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டு, சொந்தக் கண்ணால், சொந்த வாயால். பெண்ணைக் கொடுக்கிற வாக்கை மெஷின் சொல்லக் கூடாது என்பது அவர்கள் கட்சி. நல்ல வழக்கம் என்று சுகந்தி மெச்சினாள். சென்னியப்பன் அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்னால், ஒரு காலை பத்து மணிக்கு, அழைப்பிதழ்ப் பட்டியலைக் காட்டிவர மருதாசலம் வீட்டுக்குப் போனாள். சி-1. ஏழு நிமிடம் நின்று பேசிவிட்டு வந்தாள். மத்தியானம் பதிவைப் பிரித்தால் இப்படி இருந்தது: டி-4. வந்தவர் சி-1. மணி பத்து. நேரம் ஏழு நிமிடம்.

மருதாசலம் அவள் வீட்டுக்கு வந்தாராம்.

சுகந்தி அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. புரோகிராமைத் திறந்தாள். நான்காவது வரி. சரத்தில் முதலில் கண்ணில் படுகிற வீட்டுப் பெயரைப் பிடித்து 'வீடு' என்ற கட்டத்தில் போடு என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். சுழிக்குறிக்கு முன்னால் இருப்பது வருகிற ஆள். பின்னால் இருப்பதுதான் வாசல். அவள் நடத்திய பாடத்திட்டத்தில் இந்த மாதிரி முகவரியில் சுழிக்குறி வந்ததே கிடையாது. தெரியாததைத் தெரிந்த மாதிரியே எழுதி, அதைப் பெரிய திரையில் போட்டும் விளக்கியிருந்தாள். வெளியாள் முகவரியில் ஒரே வீட்டுப் பெயர்தான் வரும் என்பதால் அதுவரை எல்லாம் சரியாகவே தெரிந்தது. காலனிக்குள்ளேயே ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போனது மட்டும் தலைகீழாக விழுந்தது.

ஆக, தாரணி சொன்னது நிஜம். அவள் டி-4 வாசலை மிதித்ததே இல்லை.

அந்த எண்ணம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் நாற்பத்தொரு தடவை பி-7-க்குப் போனது யார்?

அவள் வீட்டுக்கு வந்தபோது சென்னியப்பன் குளித்துக்கொண்டிருந்தார். போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. சுகந்தி எடுத்தாள். ஊரார் வாசலையெல்லாம் பிரித்தவள் இதைத் திறந்து பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை, அவ்வளவு சாதுவான மனுஷன். தாரணி அனுப்பிய முகவரிகள் வரிசையாக இருந்தன. இவை கேட்டுக்கு வந்த சரங்கள் அல்ல, முழுச் சரங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் வேலிக்குறி இருந்தது. அதற்குப் பின்னால் எழுத்து.

#பாடம் 3. ப, ட, ம. பெரிதாக எழுதிப் பாருங்கள் அண்ணா.

#பாடம் 17. நேற்று பஸ் போர்டைக் காதுமணி இல்லாமல் படித்தீர்களாமே. ரொம்ப சந்தோஷம்.

#பாடம் 30. 'முகூர்த்தம்' என்ற சொல் மட்டும் இன்னும் இரண்டு தடவை.

சுகந்தி நின்றபடியே படித்தாள். முப்பது வருடம். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார். நீயே வாசி புள்ள, உன் குரல்ல கேட்டா நல்லா இருக்குது என்பார். அப்புறம் காதுமணி வந்தது. அந்தச் சாக்குகளும் தேவைப்படாமல் போயின. கையெழுத்து அழகாகப் போடுவார். அச்சு பிடிக்கிற கை, ஒரு வடிவத்தைப் பார்த்தால் அப்படியே வரைந்துவிடும்.

நாற்பதாவது முகவரியில் தாரணி எழுதியிருந்தாள்: #சுகந்திக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணா. எதற்குப் பயம்?

அதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அவர் எழுதியிருந்தார். அவர் எழுதி அவள் பார்த்த முதல் வாக்கியம் அதுதான்.

சுகந்தி சிரிப்பா.

போன பொங்கல் விழாவில் வாட்ச்மேன் வெள்ளியங்கிரி ரெஜிஸ்டரில் கட்டைவிரல் வைத்ததை அவள் மேடையில் நடித்துக் காட்டினாள். விரலை மையில் தோய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு முழத்துக்கு அப்பால் நின்று குறி பார்க்கிற மாதிரி. காலனியே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து சென்னியப்பனும் சிரித்தார்.

குளியலறையில் தண்ணீர் நின்றது. போனை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தாள்.

இனி என்ன செய்வது? புரோகிராம் தப்பு என்று கமிட்டியில் சொன்னால் தாரணி பெயர் தப்பும். ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும்: அப்ப பி-7-க்குப் போனது யாரு, எதுக்கு? அதைச் சொன்னால் அவர் இத்தனை வருடம் மூடி வைத்தது சந்திக்கு வரும். சொல்லாவிட்டால் தாரணி அந்தப் பெயரோடு வண்டி ஏறுவாள். இரண்டு பக்கமும் அடைத்து வைத்தது தன் கைதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நான்காவது வரியைத் திருத்தினாள். ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த பழைய அறிக்கையைத் தொடவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பி-7-க்கு மட்டும் போனாள். அதுவும் பேசுவதற்கென்று தைரியமாகப் போகவில்லை, ஒரு சணல் கண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். கதவு திறந்தே கிடந்தது. தாரணி புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொட்டி கட்டறதுக்குச் சணல் வேணுமான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"இருக்குதுங்க்கா."

சுகந்தி நின்றாள். எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. இருபது வருடம் ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்கிய வாய் அது.

தாரணி நிமிரவில்லை. "பத்திரிகைய அச்சுக்குக் குடுத்துட்டீங்களா?"

"நாளைக்குக் குடுக்கோணும்."

"பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. வரிக்கு நாலு வார்த்த இருந்தாப் போதும். கூட்டெழுத்து வேண்டாம், அதுலதான் தடுமாறுவாரு."

சுகந்திக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று தாரணிக்குத் தெரிந்துவிட்டது, அது தெரிந்துவிட்டது என்று சுகந்திக்கும் தெரிந்துவிட்டது. மன்னிப்பு என்ற சொல்லை வைப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

"செரி," என்றாள் சுகந்தி. சணல் கண்டோடு திரும்பி வந்துவிட்டாள்.

காங்கேயத்து மண்டபத்தில் இருநூறு பேர். மயில்வனத்திலிருந்தே ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். சென்னியப்பன் காதுமணியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். பத்திரிகை பெரிய எழுத்தில் இருந்தது, வரிக்கு நான்கு வார்த்தை. மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாலும் உலையில் இரும்பு உருகக் காத்திருக்கிற மாதிரி நின்றார். 'முகூர்த்தம்' வந்ததும் ஒரு தடவை விழுங்கிக்கொண்டு, அதையும் தாண்டினார். மகளின் பெயரை இரண்டு தடவை வாசித்தார். அது பத்திரிகையில் ஒரு தடவைதான் இருந்தது.

முடித்துவிட்டு உட்கார வேண்டியதுதானே. உட்காரவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிக்கறேனுங்க. எனக்குக் கொஞ்ச மாசத்துக்கு முந்தி வரைக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. எம் பொண்டாட்டிக்கே தெரியாம மறச்சு வெச்சிருந்தேன். எங்க காலனில தாரணி டீச்சருன்னு ஒருத்தரு. நாந்தான் அவங்கூட்டுக்குப் போயிக் கத்துக்கிட்டேன். நாப்பத்தொரு நாளு. அவங்கள என்னென்னமோ பேசுனாங்க. நா வாயத் தொறக்கல. இன்னிக்குத் தொறந்துட்டேன்."

சம்பந்தி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மிதுளா அழுதாள். எல்லாரும் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து ஒரு வரி சொல்லியிருக்கலாம். எழுதியதில் தப்பு என்னுது, அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல என்று. தாம்பாளத்தில் சாய்ந்து கிடந்த வெற்றிலையை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதனால் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே காலனி இன்னொரு தீர்ப்பு எழுதிவிட்டது. "படிக்கத்தானப்பா போயிருக்கறாரு, பாவம். ஆனா அவ இவங்கூட்டுக்கு வந்ததும் பதிவுல இருக்குதே? வரலைன்னு எதுக்குச் சாதிச்சா?" மருதாசலம் மட்டும், "அம்மிணி, உம் மெசினு செரியாத்தான் பிரிக்குதா?" என்று மெல்லக் கேட்டார். "நாலு தடவ பாத்துட்டேனுங்கண்ணா, செரியாத்தான் இருக்குது," என்றாள் சுகந்தி. அது பொய்யில்லை, அன்றைய தேதிக்குச் சரியாகத்தான் இருந்தது.

தாரணி அந்தக் கூட்டத்தில் இல்லை. நிச்சயத்துக்கு முந்தின நாளே கோபிச்செட்டிபாளையத்துக்கு வண்டி ஏறிவிட்டாள். உடுமலை மாப்பிள்ளை பல்லடத்தில் பெண் கட்டினார். மிதுளா தை மாதம் காங்கேயத்துக்கு வாழப் போனாள். வாட்ச்மேன் வெள்ளியங்கிரி வேலையை விட்டு மகனோடு ஈரோட்டுக்குப் போய்விட்டார். ஆவணியில் தாரணிக்கும் கல்யாணமானது. மாப்பிள்ளை கோபியில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர். அழைப்பு சென்னியப்பன் பெயருக்கு மட்டும் வந்தது, பெரிய எழுத்தில். அச்சகத்தின் பெயர் வரைக்கும் விடாமல் வாசித்தார். கூடவே புது வீட்டு வாசலின் முகவரியும் வந்திருந்தது, டி-4-க்கு என்று.

அந்த முகவரியைச் சுகந்தி தன் போனுக்கும் எடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு தடவை, மத்தியானத்தில், அதைத் திறந்து எழுதுவாள். தப்பு என்னுது. நான்காவது வரி. நீ வரவே இல்லை. நான் லிஃப்ட் வாசலில் பேசியது, மண்டபத்தில் பேசாதது. எல்லாம் எழுதுவாள், ஒன்று விடாமல், அழகான தமிழில். எழுதியதையெல்லாம் வேலிக்குறிக்குப் பின்னால் எழுதுவாள். அப்புறம் தட்டுவாள். கோபியில் மணி அடிக்கும். டி-4 என்று காட்டும். அவ்வளவுதான் போகும் என்பது காலனியிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள் சென்னியப்பன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரு என்னமோ அனுப்பிச்சிருக்குது புள்ள. நா ஒண்ணுமே அனுப்பலியே. இரு, நானே வாசிக்கறேன்." காதுமணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தார்.

"அண்ணா. வாரா வாரம். மணி மட்டும். அடிக்கிறது. எழுத்து எதுவும். வரவில்லை. வேலிக்குறிக்குப் பின்னால். எழுதுகிறீர்கள் போல. அது எனக்கு. வராது. கேள்விக்குறிக்குப் பின்னால். எழுதுங்கள்."

ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சு வாங்கினார். கடைசி வரி கொஞ்சம் நீளமாக இருந்தது.

"எப்படி என்று. சுகந்திக்காவைக். கேளுங்கள். அவர்களுக்குத். தெரியும்."

வாசித்து முடித்த திருப்தியில் நிமிர்ந்து பார்த்தார். சுகந்தி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி.